அளவு நாடா நோல்வியா

நோல்வியாவை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைப் பொய்க்காரி என்று சொல்லக்கூடாது. எங்கள் ஊர் எல் ப்ரொக்ரெசோவில் சீயோன் வாசல் சபைக்கு வருகிற யாரைக் கேட்டாலும் அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வார்கள். பத்தொன்பது வருஷமாக வாலிபர் ஊழியத்தை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு போகிறாள், கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளவில்லை, தன்னை ஆண்டவருக்கே கொடுத்துவிட்டாள் என்பார்கள். கொடுத்தது ஆண்டவருக்கு, ஏறி உட்கார்ந்திருப்பது எங்கள் தலைமேல்.

வயது நாற்பத்திரண்டு. கொக்கு மாதிரி உயரம். முழங்கால் வரை தொங்கும் ஒற்றைப் பின்னல், ஆயுளில் கத்தரி படாதது. சந்தைக்கு எதிரே துணிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கிற வேலை. கடையில் கழுத்தில் போடுகிற மஞ்சள் அளவு நாடாவை ஞாயிற்றுக்கிழமையும் கழற்ற மாட்டாள். மறதியாகப் போட்டுக்கொண்டு வருகிறாள் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். மறதியாவது! சபை வாசலில் நின்று பெண்பிள்ளைகளின் பாவாடையை அளப்பாள். முழங்காலுக்குக் கீழே நாலு விரல். ஒரு விரல் குறைந்தாலும் அவள் பையிலிருந்து ஒரு துண்டுத் துணி வெளியே வரும். அதை இடுப்பில் சுற்றிக்கொண்டுதான் பிள்ளை உள்ளே போக வேண்டும். அந்தத் துணியில் பெரிய பெரிய அன்னாசிப்பழம் அச்சடித்திருக்கும். வேண்டுமென்றே தேடிப்பிடித்து வாங்கியிருக்கிறாள்.

பிறந்தது வாழைத் தோட்டக் குடியிருப்பில். அப்பா தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். அம்மா இவளுடைய ஒன்பதாவது வயதில் ஒரு லாரி டிரைவரோடு போனவள், போனவள்தான். பதினேழு வயதில் இவள் ஊர்த் திருவிழாவில் ஒரு பையனோடு ஒரே ஒரு பாட்டுக்கு ஆடினாள். யாரோ பார்த்துவிட்டார்கள். எங்கள் ஊரில் எதையும் யாராவது பார்த்துவிடுவார்கள். அப்போதிருந்த போதகர் சபை நடுவே அவளை எழுப்பி நிறுத்தி ஆறு மாதம் ஒழுங்கில் வைத்தார். ஒழுங்கில் வைப்பது என்றால் பாடக்கூடாது, சாட்சி சொல்லக்கூடாது, ஊழியத்தில் ஒரு துரும்பைக்கூடத் தொடக்கூடாது. கடைசிப் பெஞ்சில், கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில், உட்கார்ந்துவிட்டு எழுந்து போக வேண்டும். வேறு பிள்ளையாக இருந்தால் சபையை மாற்றியிருக்கும். இவள் ஆறு மாதமும் ஒரு கூட்டம் விடாமல் வந்தாள். முடிந்து வெளியே வந்தபோது சூளையிலிருந்து எடுத்த செங்கல் மாதிரி இருந்தாளாம். சட்டம் தன்னைச் சுட்டது என்று இவள் அழவில்லை. அந்தச் சட்டத்தையே கையில் எடுத்துக்கொண்டாள்.

பிள்ளைகளோடு நிறுத்தியிருந்தால் நான் ஏன் வாயைத் திறக்கப்போகிறேன்? பெற்றவர்களையும் பிடித்துக்கொண்டாள். சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் பெற்றோர் வகுப்பு. தகரக் கூரை கொதிக்கிற நேரம். ஞாயிறு பள்ளிக் குழந்தைகளின் குட்டி நாற்காலியில் எங்களை உட்கார வைப்பாள். லாரி ஓட்டுகிறவர்கள், சுமை தூக்குகிறவர்கள், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து, பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று பிள்ளை பெறாதவளிடம் பாடம் கேட்க வேண்டும். மலடிக்குத் தெரியுமா பிள்ளை பெற்ற வலி? நான் இதைச் சத்தமாகவே சொல்லியிருக்கிறேன். அவள் காதிலும் விழுந்திருக்கிறது.

ஒருநாள் ஒரு பயிற்சி வைத்தாள். பிள்ளையை எதிரே உட்கார வைத்து, ஏவாமல், திட்டாமல் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். என் மகள் கெய்லா எதிரே உட்கார்ந்தாள். அப்போது அவளுக்குப் பதினாலு வயது. நான் யோசித்து யோசித்து, “உன் சட்டையில ஒரு பொத்தான் இல்ல” என்றேன்.

“அது குத்தஞ்சொல்றது, டெல்மி சிஸ்டர்” என்றாள் நோல்வியா.

“நாளைக்குத் தச்சுத் தரேன்.”

“அது வேலை. பேச்சு இல்ல.”

எல்லாரும் சிரித்தார்கள். கெய்லாவும் சிரித்தாள். அதற்குப் பிறகு நான் அந்த வகுப்புப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

பிடிக்காதவளைப் பற்றியும் நிஜத்தைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு அப்பன் தன் பையனை பெல்டால் விளாசுகிறான் என்று கேள்விப்பட்டு, எட்டு சனிக்கிழமை சாயங்காலம் அவன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லையாம். பாவாடை ஓரம் தைத்துக்கொண்டிருந்தாளாம். ஒன்பதாவது வாரம் அவனே பெல்டைக் கொண்டுவந்து அவள் மடியில் எறிந்துவிட்டு, “நாற்காலிய எடுத்துட்டுப் போய்த் தொலைங்க” என்றானாம். அந்தப் பையன் இன்றைக்கு எங்கள் சபையில் கித்தார் வாசிக்கிறான். இப்படிப்பட்ட பிடிவாதம் அவளுக்கு. ஆனால் அடுத்தவன் வீட்டு வாசலில் உட்காருகிற பிடிவாதம் என் வீட்டு வாசலுக்கு வந்தபோதுதான் அதன் கனம் எனக்குத் தெரிந்தது.

நான் டெல்மி. பஸ் ஸ்டாண்டில் கல் போட்டு பலேயாதா சுடுகிறேன். மாவு ரொட்டிக்குள் மசித்த பீன்சும் பாலாடையும் வைத்து மடிக்க எனக்குக் கண்ணே வேண்டாம். வீட்டுக்காரர் ஹூஸ்டனுக்குப் போய் ஏழு வருஷம். அங்கே இன்னொரு குடும்பம். எனக்கு இருப்பது கெய்லா ஒருத்தி. சபையில் தம்புரு, அதுதான் ஓரத்தில் சலங்கைத் தகடு கோத்த கைமேளம், வாசிக்கிற பெண்கள் வரிசையில் அவள் நடுவில் நிற்பாள். தம்புருவில் கட்டிய சிவப்பு, வெள்ளை ரிப்பன் காற்றில் சுற்ற, இடுப்புக்குக் கீழே பின்னல் ஆட, அவள் வாசிக்கும்போது நான் பாட்டையே மறந்துவிடுவேன். இதை அவளிடம் சொன்னேனா? சொல்லவில்லை.

போன ஜனவரியில், தம்புருப் பயிற்சி நேரத்தில் அவள் பூங்காவில் ஒரு பையன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக ஒரு கண்டக்டர் வந்து சொன்னான். பத்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னான். அடுப்பை அணைத்துவிட்டுப் போய் இழுத்து வந்தேன். வீட்டு முற்றத்தில் உட்கார வைத்து, கோழி வெட்டுகிற கத்தரியால் பின்னலைக் கழுத்தோடு வெட்டினேன். அவள் கத்தவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னலை என்ன செய்தேன் என்று இப்போது கேட்காதீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தலையில் துணி கட்டிக்கொண்டு தம்புருவோடு வரிசையில் நின்றாள். நோல்வியா வந்தாள், துணியைத் தூக்கிப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள், தம்புருவைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கூந்தல் பெண்ணுக்கு மகிமை என்று வேதத்தில் இருக்கிறதாம். முடி வெட்டிய பெண் முன்வரிசையில் நிற்கக்கூடாது என்பது சபைச் சட்டம்.

“முடி வளரட்டும் கண்ணு” என்றாள்.

பிள்ளை தானாக வெட்டிக்கொண்டதா? இல்லை. அது நோல்வியாவுக்குத் தெரியாதா? தெரியும். ஊருக்கே தெரியும். ஆனாலும் சட்டம் சட்டம்தானே, அவள் நோல்வியாதானே.

அன்றிலிருந்து கெய்லா என்னோடு பேசவில்லை. வேலையெல்லாம் செய்தாள். பாத்திரம் கழுவினாள், பீன்ஸ் வேக வைத்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை. ஒரு வாரம் இல்லை, இரண்டு வாரம் இல்லை, பதினோரு வாரம். அந்த வருஷப் பள்ளி முடிந்ததும் டொகோவாவில் இருக்கிற அத்தை மிர்த்தா வீட்டுக்கே போய்விடப் போவதாகப் பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தாள். என் மகள் என்னோடு பேச வேண்டும், என் வீட்டில் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதைக் கேட்கத்தான் வாய் வரவில்லை.

பரிசுத்த வாரத்தில் நோல்வியா பிள்ளைகளை மிகோ கெமாடோ மலைக்கு மூன்று நாள் முகாம் கூட்டிக்கொண்டு போவாள். கடைசி நாள் காலையில், மரத்தடியில் உட்கார வைத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் பெற்றவர்கள் கைப்பட எழுதிய கடிதத்தைக் கொடுப்பாள். பெற்றவர்கள் அதில் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், அதுதான் அவள் போட்ட விதி. கடிதம் வரப்போவது பிள்ளைகளுக்குத் தெரியாது. முன்னே போய்வந்தவர்களும் சொல்ல மாட்டார்கள். எங்கள் ஊரில் காப்பாற்றப்படுகிற ஒரே ரகசியம் அதுதான். ஒரு வருஷம் ஒரு பிள்ளைக்குக் கடிதம் வரவில்லை. எல்லாரும் படித்து அழுதுகொண்டிருக்க, அது வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம். இனி என் முகாமில் ஒரு பிள்ளையும் வெறுங்கையோடு உட்காராது என்று நோல்வியா அன்றைக்கே சபதம் போட்டாளாம்.

என்னிடம் மூன்று தடவை வந்தாள். முதல் இரண்டு தடவை காது கேட்காதவள் மாதிரி ரொட்டி தட்டினேன். மூன்றாவது தடவை, முகாமுக்கு முந்தின நாள், காலைக் கூட்டம் நெரிகிற நேரத்தில் பேப்பரும் பேனாவுமாக வந்து கல்லுக்கு முன்னால் நின்றாள்.

“ஒரு பக்கம் போதும் சிஸ்டர்.”

“எனக்கு வேல இருக்கு.”

“நீங்க சொல்லுங்க, நான் நின்னு எழுதிக்கிறேன்.”

“என்ன சொல்லணும்? பெத்து வளத்ததுக்கு மன்னிச்சுக்கோன்னு சொல்லணுமா?”

“முடிய வெட்டினதுக்கு.”

பக்கத்தில் நின்று சாப்பிட்டவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

“உனக்குன்னு ஒரு பிள்ள இருந்தா அதுக்கு எழுதிக்க. என் பிள்ளைக்கு என்ன எழுதணும்னு நீ எனக்குச் சொல்லாத.”

அவள் முகம் மாறவில்லை. “பேப்பர வச்சுட்டுப் போறேன்” என்றாள்.

“எடுத்துட்டுப் போ! எழுதியே ஆகணும்னா நீயே எழுதிக்க!”

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். துணியை அளந்து, கிழிக்கும் முன்னே பார்ப்பாளே, அந்தப் பார்வை. பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

ஈஸ்டர் ஞாயிறு மத்தியானம் பஸ் சபை வாசலுக்கு வந்தது. பெற்றவர்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றோம். பிள்ளைகள் அழுது வீங்கிய முகத்தோடு இறங்கி ஓடிவந்து கட்டிக்கொண்டன. நான் ஒரு ஓரமாக நின்றேன். கெய்லா கடைசியாக இறங்கினாள், நேராக என்னிடம் வந்தாள், கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “வீட்டுக்குப் போலாம்மா” என்றாள். பதினோரு வாரத்துக்குப் பிறகு முதல் பேச்சு. மலைக்காற்று பிள்ளையைத் திருத்திவிட்டது என்று நினைத்தேன். இல்லை, அதுகூட இல்லை, ‘அம்மா இல்லாமல் எத்தனை நாளைக்கு இருக்க முடியும்’ என்று உள்ளுக்குள் கொக்கரித்துக்கொண்டேன். அத்தனை திமிர் எனக்கு.

ஐந்து வாரம் பேசினாள். பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொன்னாள், கல்லுக்குப் பக்கத்தில் நின்று தக்காளி நறுக்கினாள். நடுவில் சில நேரம் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்ப்பாள், நான் ஏதோ சொல்லப்போவது போல. “என்னடி பாக்குற, வெங்காயத்த நறுக்கு” என்பேன்.

மே மாசக் கடைசியில் அவள் வேதாகமத்தைத் தூசி தட்டும்போது அந்தக் கடிதம் விழுந்தது. இரண்டு பக்கம். கோழி கிளறின மாதிரி என் எழுத்து. பெற்றோர் வகுப்பில் நான் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் பழகியிருக்கிறாள், கள்ளி நோல்வியா. கீழே ‘உன் அம்மா’ என்று இருந்தது.

முதல் பக்கம் முடியைப் பற்றி. ‘அன்றைக்கு என் கோபம் உன்னைவிடப் பெரிதாகிவிட்டது, மகளே. நீ தம்புரு வாசிப்பதைப் பார்த்து நான் பாட்டை மறந்து நிற்பதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.’ நான் யாரிடமும் சொல்லாதது அது. ஞாயிறுதோறும் முன்னால் நின்று என் முகத்தையும் அளந்திருக்கிறாள்.

இரண்டாவது பக்கம் இப்படி இருந்தது: ‘உன் கையிலிருந்து தம்புரு போனதற்கும் நான்தான் காரணம். சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன், பிள்ளையைப் பார்க்கவில்லை. என்னைக் கடைசிப் பெஞ்சில் உட்கார வைத்தபோது எனக்கு எப்படி இருந்தது என்பதை மறந்துபோனேன்.’

என்னை எப்போது யார் கடைசிப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள்? நான் பிடித்தது கத்தரியை. சட்டத்தைப் பிடித்தது யார்? அந்தப் பக்கம் முழுக்க அவளுடையது. தன் பேரில் மன்னிப்புக் கேட்க வாய் வராமல் என் பேரை முக்காடு போட்டுக்கொண்டு கேட்டிருக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என் மகள் கட்டிக்கொண்டது என்னை இல்லை, இந்தக் காகிதத்தை. அவள் என்னோடு பேசிய ஐந்து வாரமும் நோல்வியா எனக்குப் போட்ட பிச்சை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து சபைக் கூட்டம் நடந்தது. போதகர் ஒத்தோனியேல் நல்ல மனுஷன்தான், ஆனால் யார் சத்தம் போடுகிறார்களோ அவர்கள் பக்கம் சாய்கிற மனுஷன். நான் கடிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். கெய்லா ஜன்னலோரம் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுந்தேன். கோபத்துக்குக் கண் உண்டா?

“பாஸ்டர், என் பேர்ல என் மகளுக்குப் பொய்க் கடுதாசி எழுதியிருக்கா இவ. இதுல ஒரு எழுத்துகூட என்னோடது இல்ல. நான் எதுக்கு மன்னிப்பு கேக்கணும்? நான் பெத்தவ. நான் கேக்கவும் இல்ல, கேக்கப் போறதும் இல்ல!”

போதகர் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“நோல்வியா சிஸ்டர், இத நீங்களா எழுதுனீங்க?”

“நான்தான் பாஸ்டர்.”

“டெல்மி சிஸ்டர் எழுதச் சொன்னாங்களா? அவங்க சம்மதம் இருந்துச்சா?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். ‘எழுதியே ஆகணும்னா நீயே எழுதிக்க’ என்று பத்து பேர் முன்னால் கத்தியது எனக்கு மறக்கவில்லை, அவளுக்கும் மறந்திருக்காது. சட்டக்காரி, சொல்லுக்குச் சொல் பிடிக்கிறவள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள்.

“இல்ல பாஸ்டர்” என்றாள்.

ஒரு பொய்க்காக விசாரித்தார்கள். விசாரணையில் இன்னொரு பொய் சொன்னாள், எனக்காக. நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது பக்கம் யாருடையது என்பதையும் நான் சொல்லவில்லை. சொன்னால் சபை அவளுக்காக இரக்கப்படும். எனக்கு அவள்மேல் யாரும் இரக்கப்படக் கூடாது.

ஆறு மாதம் ஒழுங்கு. நோல்வியா வாலிபர் அறைச் சாவியை மேஜைமேல் வைத்தாள். அன்னாசித் துணியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். கழுத்திலிருந்த நாடாவை மட்டும் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டாள். யாரும் வழி காட்டாமலே நடந்து போய்க் கடைசிப் பெஞ்சில், கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் உட்கார்ந்த அதே இடம்.

வீட்டுக்கு வந்ததும் கெய்லா பெட்டியை இழுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

“இப்ப எதுக்குடி இது? உன்ன ஏமாத்துனவ அவ. நான் உண்மையத்தான் சொன்னேன்.”

“அது நீ எழுதினது இல்லன்னு எனக்கு மலையிலயே தெரியும்மா.”

அவள் அடுக்கிய துணியில் ஒன்றை நான் வெளியே எடுத்துப் போட்டேன்.

“நீ ரெண்டு பக்கம் எழுதுவியா? திட்டுறதத் தவிர ரெண்டு வரி சேந்தாப்பல பேசுனது இல்ல நீ.”

“தெரிஞ்சுமா வந்து கட்டிக்கிட்ட?”

“கட்டிக்கிட்டா நீயே சொல்லுவேன்னு நெனச்சேன். ‘அத நான் எழுதலடி, ஆனா அதுல இருக்கறது நெசந்தான்’னு. அஞ்சு வாரம் உன் மூஞ்சியப் பாத்துட்டே இருந்தேன். இன்னைக்குச் சொன்ன. கேக்கப் போறதும் இல்லன்னு சொன்ன. மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டுச்சு.”

அந்த வாரமே டொகோவாவுக்குப் போய்விட்டாள். நான் போன் பண்ணினால் மிர்த்தா எடுப்பாள். “அவ குளிக்கிறா” என்பாள். நாலு மாதம் என் மகள் குளித்துக்கொண்டே இருந்தாள்.

புது ஆட்கள் வாலிபர் ஊழியத்தை எடுத்தார்கள். புருஷன் பெண்டாட்டி, இரண்டு பேரும் எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். பாவாடை அளப்பது இல்லை. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று கேட்பதும் இல்லை. எல்லாருக்கும் நிம்மதி. எனக்கும் நிம்மதியாகத்தான் இருக்க வேண்டும்.

அக்டோபரில் ஒரு மழை நாள். ஸ்டாண்டில் வியாபாரம் இல்லை. பலேயாதா மடிக்கிற தாளில் எழுத ஆரம்பித்தேன். நாலு தாள் வீணாகி, ஐந்தாவது தாளில் ஒரு பக்கம்கூட இல்லை, ஐந்து வரி வந்தது. தபாலில் போட்டால் மிர்த்தா பிரித்துப் படித்துவிடுவாள். யாரிடம் கொடுப்பது? ஒரு கடிதத்தை எப்படியாவது ஒரு பிள்ளையின் கையில் கொண்டு சேர்க்கத் தெரிந்தவள் ஊரில் ஒருத்திதான்.

வெட்கத்தை விட்டு அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. கையில் ஊசியும் நூலும்.

“இத கெய்லாகிட்ட சேக்கணும்” என்றேன்.

காகிதத்தைப் பார்த்தாள். கை நீட்டவில்லை.

“நான் ஒழுங்குல இருக்கேன் சிஸ்டர். டிசம்பர் வரைக்கும் வாலிபர் ஊழியத்துல ஒரு துரும்பையும் தொடக்கூடாது. நீங்க கேட்டு வாங்கிக் குடுத்ததுதான்.”

“இது ஊழியமா? ஒரு கடுதாசி.”

“பத்தொம்பது வருஷமா என் ஊழியமே அதுதான்.”

“அப்ப நான் என்ன பண்றது?”

“டொகோவா பஸ் காலைல அஞ்சரைக்கு. ஸ்டாண்டுலயே நிக்கிறீங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா?”

கதவைச் சாத்திவிட்டாள். படாரென்று இல்லை, மெதுவாகத்தான். அது இன்னும் எரிந்தது. தினமும் அந்த பஸ் டிரைவருக்கு முதல் பலேயாதா கொடுக்கிறவள் நான். நாலு மாதமாக என் கண்ணெதிரே கிளம்பிப் போன பஸ் அது.

வியாழக்கிழமை அதில் ஏறினேன். அவள் சொல்லித்தான் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மிர்த்தா வீட்டுப் பின்கட்டில் கெய்லா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். முடி தோள் வரை வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்தாள். கையை நீரிலிருந்து எடுக்கவில்லை. நான் காகிதத்தை நீட்டினேன்.

“இது யாரு எழுதினது?”

“நான்தான்.”

“அப்ப நீயே படி.”

கோழிகள் காலைச் சுற்ற, மிர்த்தா ஜன்னலில் நின்று கேட்க, நான் படித்தேன். “கெய்லா. முடிய வெட்டினது நான். ஒருத்தன் பேச்சக் கேட்டு, கோவத்துல வெட்டினேன். அது தப்பு. பின்னல் வெள்ளைத் துணியில சுத்தி என் அலமாரியில இருக்கு. என்ன மன்னிச்சிரு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“அது ரெண்டு பக்கம் இருந்துச்சு” என்றாள்.

சொல்லாமல் வந்திருக்கலாம். முடியவில்லை.

“ரெண்டாவது பக்கம் என்னோடது இல்லடி. அது நோல்வியாவோடது. தம்புருவ உன் கையிலருந்து வாங்கினது அவதான? உன்கிட்ட தன் பேர்ல கேக்கத் தெரியாம என் பேர்ல கேட்டிருக்கா. அப்புறம்... எழுதிக்கன்னு அவகிட்ட சொன்னது நான்தான். கோவத்துல சொன்னேன். ஆனா சொன்னேன்.”

கெய்லா கையைப் பாவாடையில் துடைத்தாள். காகிதத்தை வாங்கி மடித்தாள்.

“இத சபைல சொன்னியா?”

காலைச் சுற்றிய கோழியைத் தள்ளிவிட்டேன்.

“ஞாயித்துக்கிழம சொல்லு. சொல்லிட்டு போன் பண்ணு. நான் எடுக்கிறேன்.”

இன்றைக்குச் சனிக்கிழமை. என் பாவாடை ஓரத்தைப் பிரித்து நாலு விரல் இறக்கித் தைத்துவிட்டேன். நாளைக்கு ஆராதனை ஒன்பது மணிக்கு. எழுந்து நின்று என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். நோல்வியாவை எனக்கு இன்னமும் பிடிக்காது. நாளைக்கு அதையும் சேர்த்துத்தான் சொல்லப் போகிறேன்.